புரட்டாசி விரதம் இருந்த கருடன்

சீனியைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், மேடம். கிளாஸைப் பார்த்து வாங்குங்கள், இப்போதுதான் கை கழுவினேன், ஈரமாக இருக்கிறது. ஒரு வாரமாக என் கடைக்கு வருகிறீர்கள், தினமும் அரை கிளாஸ் டீயை வைத்துவிட்டுப் போகிறீர்கள். மூன்றாம் நாள் கிளாஸைக் கழுவும்போது கவனித்தேன், அடியில் சீனி கரையாமல் நின்றது. விசாரணை என்பது உங்கள் ஒருவருக்குத்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் விமானம் பன்னிரண்டு பத்துக்கு. இப்போது மணி பத்தேகால். கேட் இங்கிருந்து நூறு அடி, பதினொரு மணிக்கு நீங்கள் உள்ளே போனால் போதும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். செல்போனை அந்த முறுக்கு பாட்டிலில் சாய்த்து வையுங்கள், லாரிச் சத்தம் அவ்வளவாக விழாது. பெயர் வன்னியபெருமாள். வயது ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் ஆறுமுகநேரி. இந்த விமான நிலையத்து வாசலில் பதினோரு வருடமாக டீக்கடை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

முதலில் பாண்டித்துரை விஷயம். உள்ளே வெடி போட்டுப் பறவை விரட்டும் வேலை அவனுக்கு, ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஏழு வருடமாக இருக்கிறான். போன மாதம் விமானத்தில் பருந்து மோதியதற்கு, அதற்கு முன்னே மாதக்கணக்கில் அவன் சரியாக விரட்டாமல் பருந்துகளைச் சேரவிட்டதுதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. அதை விசாரிக்க வந்த நீங்களும் அப்படி எழுதிவிட்டால் அவன் வேலை போய்விடும். வலது கையில் இரண்டே விரல் மிச்சம் இருப்பவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பருந்துகளை வரவழைத்தது நான்.

ஒரு வாரமாக இதை மறைத்து வைத்திருந்தேன் என்று கோபப்படாதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குத்தான் கேட்டீர்கள். அதுவும் எப்படி? பெட்டியை ஓரமாக நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, பருந்து புரட்டாசி விரதம் இருக்குமா?” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இது எப்படித் தொடங்கியது என்றால், உடன்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாவால்தான். போன வருடம் மகன் சென்னை போய் அங்கிருந்து துபாய்க்குப் போகிறான். அந்த அம்மா இதோ இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. மகனுக்கும் அழுகை. டாக்ஸிக்காரர் கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஒரு கருடன் வந்து வட்டம் போட்டது. செக்கச் சிவந்த இறக்கை, வெள்ளைக் கழுத்து. அந்த அம்மா அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. “பெருமாளே வந்துட்டாரு. நீ தைரியமா போயிட்டு வாலே” என்றது. பையன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அம்மா ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது, மேடம்.

மறுநாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாசலில் தினமும் யாராவது அழுதுகொண்டு நிற்கிறார்கள், கருடன் மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் எங்கோ சுற்றுகிறது. பகவான் வருவார் என்று காத்திருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் விமானத்துக்கு நேரம் என்று ஒன்று இருக்கிறதே.

தருவைகுளத்து ரெக்சனை உங்களுக்குத் தெரியாது. டிவிஎஸ் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி இந்தப் பக்கத்து ஊர்களுக்கு மீன் கொண்டுவருகிறவன். இந்த வருடம் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரம், அதாவது ஆனி தொடக்கத்தில், அவனிடம் ஒரு வாளி மீன் தலையும் குடலும் கேட்டேன். “பூனை வளக்கியளா அண்ணாச்சி?” என்றான். ஆமாம் என்றேன். கடைக்குப் பின்னால் உடைமரங்களைத் தாண்டி, விமான நிலையத்துச் சுவரை ஒட்டி ஒரு வெட்டவெளி இருக்கிறது. அங்கே போட்டேன்.

சும்மா கொட்டினேன் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மஞ்சள் தடவி, வாழை இலை விரித்து வைத்தேன். அந்த இடத்தில் ஒரு பலகை நிற்கும், பார்த்திருப்பீர்கள். இங்கே இறைச்சிக் கழிவு போடக் கூடாது, பறவைகள் வரும், விமானத்துக்கு ஆபத்து என்று. அதை நான் வாரம் ஒரு தடவை துடைத்து வைப்பேன். நான் கழிவைப் போடவில்லை, மேடம். நைவேத்தியம் வைத்தேன்.

முதல் மூன்று நாள் காக்கைகள்தான் வந்தன. நான்காம் நாள் ஒரு கருடன். ஆனி முடிவதற்குள் ஒன்பது. ஆடியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு இலை விழும் என்று அதுகளுக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் வானத்தில் வட்டம் போட்டபடி இருக்கும். வாசலில் நிற்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பாட்டியம்மாவுக்குக் கன்னம் சிவந்துபோய்விட்டது. கருடன் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் அரை மணி நேரம் முன்னதாக வர ஆரம்பித்தார்கள்.

காயல்பட்டினத்து ஜக்கரிய்யா மட்டும் நம்பவில்லை. மாதம் இரண்டு தடவை வியாபார விஷயமாகச் சென்னைக்குப் போகிறவர். நான் வாளியோடு பின்பக்கம் போவதை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

“அது பசிக்கு வருது அண்ணாச்சி. பெருமாளா அனுப்புறாரு?”

“பசியை அனுப்புனது யாரு?” என்றேன்.

கடகடவென்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ரயிலில்தான் போகிறார். என்ன காரணமோ தெரியவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை நான் மீனைத் தொடமாட்டேன். புரட்டாசி மாதம் முழுக்கத் தொடமாட்டேன். அந்த மாதம் சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை என்று கோயிலுக்குப் போய்விடுவேன். பெருமாளுடைய மாதத்தில் பெருமாளுடைய வாகனத்துக்கே மீன் வைப்பது எந்த ஊர் நியாயம்? தயிர்ச்சாதம் வைத்துப் பார்த்தேன். காக்கை தின்றது. கருடன் ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் மறந்தே போனேன். ஆனால் பாண்டித்துரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தேதி, நேரம், என்ன பறவை, எத்தனை. நீங்கள் அந்த நோட்டை இரண்டு நாள் புரட்டினீர்கள். திங்களன்று பதினெட்டு, செவ்வாயன்று இருபது, சனிக்கிழமை பூஜ்யம். எல்லாச் சனிக்கிழமையும் பூஜ்யம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் முழுப் பூஜ்யம். உங்கள்கூட வந்த தம்பிகள் அது காற்று மாறியதால் என்றார்கள், அறுவடையால் என்றார்கள். என் கடையில் டீ குடித்துக்கொண்டுதான் சொன்னார்கள், அதனால் எனக்குத் தெரியும். நீங்கள் ஒருவர்தான் தினசரிக் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டிக்காரி.

பாண்டித்துரையிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவான். தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்து நேராக இங்கேதான் வருவான். ஆவணி மாதத்தில் ஒரு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

“எங்கனருந்துதான் இவ்வளவும் வாருதோ தெரியல அண்ணாச்சி. வெடி போட்டா ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப அங்கனயே வந்து நிக்கி. பந்தியில பாயாசம் வரப்போவுதுன்னு எந்திக்காம இருக்க ஆளுவ மாதிரி. நான் வேல பாக்கலன்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு.”

“அப்போ ஏம்லே பதினெட்டு இருபதுன்னு எழுதுத? கொறச்சு எழுதேன்.”

“பாத்தத எப்படி அண்ணாச்சி கொறைக்க?”

“சரி, பருந்துன்னாவது எழுதாத. கருடன்னு எழுது.”

“அதுக்குத் தனியா கட்டம் இல்ல அண்ணாச்சி.”

எனக்கு அவன் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஒரு வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். புரட்டாசி வந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. பறவையே இல்லை என்று சூப்பர்வைசர் தோளில் தட்டிக் கொடுத்தாராம். கடைக்கு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் ஒரு கிளாஸ் குடித்தேன்.

ஐப்பசி ஒன்றாம் தேதி மறுபடி இலை போட்டேன். ஒரு மாதம் பட்டினி கிடந்ததுகள். முன்னே வந்ததைவிடக் கூடுதலாக வந்தன. பாண்டித்துரை அழாத குறையாக வந்து நின்றான். ஒற்றை வெடிக்கு ஒன்றுகூட அசைய மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்றான். “ரெண்டச் சேத்துக் கட்டிப் போட்டுப் பாரேம்லே” என்றேன். பேச்சுக்குத்தான் சொன்னேன். அவன் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை பதினொன்றரைக்குப் பெரிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் இந்த வழியாகத்தான் போனது. மூன்று விரல்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். “நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. ரெண்டு வெடிக்கு எல்லாம் பறந்துட்டு” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே உரித்து அவன் வாயில் ஊட்டினேன். அவ்வளவு நல்லவன், மேடம். அவனுக்காகத்தான் இன்றைக்கு இதையெல்லாம் சொல்கிறேன்.

அவன் இடத்துக்கு எங்கள் ஆறுமுகநேரிப் பையன் செந்தில்முருகனை அனுப்பினார்கள். விமானத்தில் கருடன் மோதியது அவன் வேலைக்கு வந்த இரண்டாம் நாள். அன்றைக்குப் புதன்கிழமை.

அந்த விமானத்தில்தான் என் மகள் இந்துமதி போனாள். ஒரே மகள். கத்தாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஏழாவது வரிசை, ஜன்னலோரம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ? பயணிகள் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு நான் இலை போடுவது ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. “பிளேன் போற வழிப்பா. பலகையில எழுதிப் போட்டுருக்குல்லா” என்பாள். புதன்கிழமை காலையில் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போடாதீங்கப்பா” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் மனம் நோகக் கூடாதல்லவா. ஆனால் நீங்களே சொல்லுங்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கருடனைக் காட்டி அனுப்பியவன், பெற்ற மகளை வெறும் வானத்தில் அனுப்புவேனா? ரெக்சனிடம் முதல் நாளே இரண்டு வாளி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லாம் கொழுத்த சாளை மீன். “வீட்டுல விசேஷமா அண்ணாச்சி?” என்றான்.

அன்றைக்கு மட்டும் எண்ணினேன். முப்பத்தொன்று. என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. உள்ளே செந்தில்முருகனும் பார்த்திருக்கிறான். ஒரு கையில் வெடி, ஒரு கையில் அதைக் கொளுத்த ஊதுபத்தி. தலைக்கு மேலே முப்பத்தொரு கருடன். பிள்ளை என்ன செய்வான்? வெடியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஊதுபத்தி சுட்டதுகூட அவனுக்கு அப்போது தெரியவில்லையாம். அந்தக் கன்னத்துத் தழும்பைப் பார்த்து நீங்கள் ஏதோ விபத்துக் காயம் என்று முதல் நாள் குறித்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரியும், ஆனால் குறுக்கே பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

விமானம் ஏறியது. அது சுவரைத் தாண்டியதும் டப்பென்று ஒரு சத்தம். வலது பக்க எஞ்சினிலிருந்து புகை வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு மேற்கே போனது, மறைந்துவிட்டது. பதினான்கு நிமிடம் வானத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும். நான் மணி பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பெருமாளே பெருமாளே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். மேலே மிச்சம் முப்பதும் சுற்றிக்கொண்டிருந்தன. அதுகளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

திரும்பி வந்து இறங்கியது. அறுபத்தெட்டுப் பேர், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நீங்கள் பைலட்டின் திறமை என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு விமானம் பத்திரமாக இறங்குகிறது என்றால், மேலே அத்தனை கருடன் நின்றதால்தான் இறங்கியது. ஒன்று தன் உயிரையே கொடுத்திருக்கிறது. அதை உங்கள் ஆட்கள் அன்றைக்கே டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பினார்களாம். செம்பருந்து என்று பதில் வந்ததாம். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பேன். காலில் இடுக்கியிருந்த சாளைத் தலையையும் அங்கே கண்டுபிடித்தார்களாம். கத்தியால் வெட்டிய தலை, மஞ்சள் தடவிய தலை, கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. இந்த ஊர்ப் பருந்து மஞ்சள் தடவித் தின்கிறதா என்று தம்பிகளிடம் கேலி பேசினீர்களாம். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

இந்துமதி வெளியே வந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த வாளிகளைப் பார்த்தாள். “கையக் காட்டுங்கப்பா” என்றாள். காட்டினேன். நகத்தில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அன்று இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ், மறுநாள் சென்னையிலிருந்து கத்தார். ஒரு மாதமாகப் போன் இல்லை. அங்கே டவர் சரியாக எடுக்காது என்று ஜக்கரிய்யா சொன்னார். சொன்னார் என்றால், நான் எடுக்காதல்லவா என்று கேட்டேன், அவர் தலையாட்டினார்.

அன்றோடு நிறுத்திவிட்டேன், மேடம். ஒரு மாதமாக இலை இல்லை. நீங்கள் இருந்த இந்த ஒரு வாரமும் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்ததைப் பார்த்தீர்கள்தானே. பாண்டித்துரை ஒழுங்காக விரட்டாததால்தான் பருந்து வந்தது என்ற பேச்சே இனி எழக் கூடாது. என் வாக்குமூலத்தை அப்படியே எழுதுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். நான் ஓடி ஒளிகிற ஆள் இல்லை.

இன்றைக்கு ஒரு நாள்தான். உங்கள் தம்பிகள் எல்லோரும் நேற்றே போய்விட்டார்கள். நீங்கள் ஒற்றை ஆளாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். வழியனுப்ப அழுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை. என் மகள் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. மனசு கேட்கவில்லை. ரெக்சன் காலையிலேயே வந்துவிட்டான். நீங்கள் பெஞ்சில் உட்காரும்போது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை மூன்று வாளி.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? மணி பதினொன்று ஆகவில்லை. டீ பாதி அப்படியே இருக்கிறது, சீனிகூடக் குறைத்துத்தான் போட்டேன். மேடம், செல்போனை வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஓடாதீர்கள், கேட்டில் இருக்கிறவன் பயந்துவிடுவான். அவனிடம் எதற்காக இப்படிக் கத்துகிறீர்கள்? ஒரு நிமிடம் நில்லுங்கள். நிமிர்ந்து பாருங்கள், எத்தனை வந்திருக்கிறது என்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு தைரியமாக ஏறுங்கள், தாயி. நல்லபடியாகப் போய்ச் சேருவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.